நஞ்சுக்கொடி விழும் வரை

1

போன மாதத்தோடு நாங்கள் டெக்சாஸ் வந்து ஒன்பது வருடம் முடிந்தது. என் நாத்தனார் ஒரு கேக் வாங்கி வந்தார். எங்கள் கேஸ் ஸ்டேஷன், அதாவது பெட்ரோல் பங்க், கடையின் பின்னறையில், குளிர்பானப் பெட்டிகளுக்கு நடுவே வைத்து வெட்டினோம். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் "அமெரிக்கா பழகிருச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். பழகிவிட்டது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை நடந்ததை எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்துவிட்டேன். ஆனாலும் எழுதுகிறேன். மாடு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படிப்பீர்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். தாராபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தேன். என் கணவரின் அக்கா மனுப் போட்டு, பல வருடம் காத்திருந்து, குடும்பத்தோடு வந்தோம். விசா நேர்காணலில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் கணவரிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்றார். தமிழில் மாற்றிச் சொல்ல ஆள் இருந்தார். இருந்தும் நான், "வீட்ல இருக்கறனுங்க" என்றேன்.

வெளியே வந்த பிறகுதான் தோன்றியது, மாடு பார்க்கத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சினை பார்க்கத் தெரியும். மடி நோயைத் தொட்டுப் பார்த்தே சொல்வேன். கன்று கால் மாறி வந்தால் கையை உள்ளே விட்டுத் திருப்பியிருக்கிறேன். வந்த பிறகு ஓட்டுநர் உரிமம், மகளின் பள்ளிக்கூடம், இன்சூரன்ஸ் என்று எத்தனையோ படிவங்கள். திறமை என்ன என்று கேட்ட இடத்தையெல்லாம் காலியாக விட்டேன். மாட்டுக்கென்று எந்தப் படிவத்திலும் இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒன்பது வருடமாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். "ஹாய்", "ரிசீட்?", "ஹேவ் எ குட் டே". இந்த மூன்றுக்கு மேல் நானாக யாரிடமும் பேச்சுக் கொடுத்ததில்லை. மகள் தர்ஷினிக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கடைக்கு வந்தால் நான் பேச வேண்டியதை அவளே பேசிவிடுவாள். அது எனக்கு வசதியாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

2

எங்கள் கடை டல்லாஸிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரத்தில், வயல்வெளிக்கு நடுவே போகும் ஒரு சாலையில் இருக்கிறது. தினமும் காலை ஆறரைக்கு லிண்டா வருவார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சேறு ஒட்டிய ரப்பர் பூட்ஸோடு நேராகக் காப்பி இயந்திரத்துக்குப் போவார். ஒரு நாள் கல்லாவின் மேல் கிடந்த என் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார். ஊரில் என் தம்பி செந்தில் வைத்திருக்கும் மாடு அது.

"உன் மாடா?"

"மை பிரதர் கவ்."

"என்ன எடை இருக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் மாட்டைப் பார்த்தால் எத்தனை லிட்டர் என்றுதான் கேட்பார்கள். எடையை யாரும் கேட்டதில்லை. தெரியாது என்று தலையை ஆட்டினேன். ஆனால் அன்றிலிருந்து அவர் எனக்குத் தன் மாடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். (லிண்டா பேசியது எல்லாம் ஆங்கிலம்தான். எனக்குப் புரிந்ததையும் தர்ஷினி சொன்னதையும் சேர்த்து இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பண்ணைக்குப் போனோம். முப்பது மாடுகள், எல்லாம் கறுப்பு ஆங்கஸ் இனம். கொம்பு கிடையாது. பீப்பாய் மாதிரி உடம்பு, குட்டைக் கால். மடியைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. "காலைல எத்தனை மணிக்குக் கறப்பீங்க?" என்று தர்ஷினி மூலமாகக் கேட்டேன். லிண்டா சிரித்தார்.

"இதுகளை யாரும் கறக்கிறதில்லை. பால் கன்றுக்கு."

"எல்லாமே கன்றுக்கா?"

"எல்லாமே."

வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தார். பாலுக்குக் குளிர்பெட்டியைத் திறந்து சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் கேனை எடுத்தார். முப்பது மாட்டுக்காரி பாலைக் கடையில் வாங்குகிறார்! திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். தர்ஷினி, "அம்மா, தே ஆர் பீஃப் கவ்ஸ். பாலுக்கு இல்ல, மீட்டுக்கு" என்றாள். எனக்குத் தெரியாததில்லை. ஆனால் தெரிந்ததை அவள் வாயால் கேட்டபோது கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். நாங்கள் மாட்டுக்கறி சாப்பிடாத குடும்பம்.

மந்தையில் ஒரு கிடாரி மட்டும் வேலியோரம் வந்து என் கையை நக்கியது. தாய் செத்துப்போய், லிண்டா புட்டியில் பால் கொடுத்து வளர்த்ததாம். பெயர் பெப்பர். முதல் சினை, மார்ச்சில் கன்று போடும் என்றார். நான் பின்னால் போய்ப் பார்த்து, "டூ வீக்ஸ்" என்றேன். லிண்டா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, இந்த நாட்டில் எனக்கு அப்படி ஒரு பார்வை கிடைத்ததேயில்லை.

3

லிண்டாவுக்குக் கண்ணில் புரை. கேக் வெட்டியதற்கு அடுத்த சனிக்கிழமைதான் ஆபரேஷன் நாள். பிள்ளைகள் இருவரும் தூரத்தில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து, "பெப்பர் இன்றைக்கோ நாளைக்கோ போட்டுவிடும். நாளைக் காலை நீ வந்து கூட இருக்க முடியுமா? உனக்குத் தெரியாததா?" என்றார். ஒரு காகிதத்தில் மாட்டு டாக்டரின் நம்பரை எழுதிக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார். எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

சனிக்கிழமை விடியும்போதே தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். பெப்பரைத் தனியாக ஒரு கொட்டிலில் அடைத்திருந்தது. ஏழரை மணிக்குக் கன்று போட்டது. காளைக் கன்று. எந்தச் சிக்கலும் இல்லை. மூக்கில் இருந்த சளியைத் துடைத்தேன், பெப்பர் நக்கி நக்கிக் காய வைத்தது. அரை மணியில் கன்று எழுந்து தள்ளாடி மடியை நோக்கிப் போனது.

நான் அதைப் பிடித்து, கயிற்றில் ஓரமாகக் கட்டினேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இதில் எந்தத் தவறும் தெரியாது. எங்கள் பக்கம் அப்படித்தான். நஞ்சுக்கொடி விழும் வரைக்கும் கன்றை மடியில் விடக்கூடாது. விட்டால் கொடி உள்ளேயே நின்றுவிடும் என்பார்கள். சீம்பாலை நிறையக் குடித்தால் கன்றுக்குக் கழியும் என்பார்கள். என் அம்மா அப்படிச் செய்தார், நான் செய்தேன், என் தம்பி இன்றைக்கும் செய்கிறான்.

தர்ஷினிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்மா, ஹீ இஸ் ஹங்ரி. லுக் அட் ஹிம்!"

"நஞ்சு விழுகட்டும் கண்ணு."

"ஹவ் லாங்?"

"அது விழுகறப்ப விழுகும்."

"ஷுட் ஐ லுக் இட் அப்?" போனை எடுத்தாள்.

"கன்னுக்குட்டிக்குப் பால் விடறதை போன்ல பார்த்துத்தான் உங்கம்மா தெரிஞ்சுக்கோணுமா? உள்ள வெய்யி அதை."

உள்ளே வைத்துவிட்டாள். ஒன்பது வருடத்தில் நான் ஒன்றை உறுதியாகச் சொல்லி, அவள் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

பதினொரு மணி ஆகியும் கொடி தொங்கிக்கொண்டே இருந்தது. மடி இறுகிக் கிடந்தது. கொஞ்சம் கறந்து விட்டால் மாட்டுக்குச் சுகமாக இருக்கும் என்று உட்கார்ந்தேன். புட்டிப் பாலில் மனிதர் கையில் வளர்ந்த மாடு, அசையாமல் நின்றது. ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சலைத் தரையில் விட்டேன். பிறகு தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். தேன் மாதிரி கெட்டியாக, மஞ்சளாக இறங்கியது. ஒன்பது வருடம் கழித்துக் கைவிரலில் சீம்பாலின் பிசுபிசுப்பு. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஒரு லிட்டர் பாட்டில் நிறையவில்லை, அதற்குள் காம்பு தளர்ந்துவிட்டது. ஊரில் ஜெர்சிக் கலப்பு மாடு குண்டா நிறையக் கொடுக்கும். இது பால் மாடு இல்லை, முதல் ஈற்று வேறு, பாலை மேலே பிடித்து வைத்திருக்கிறது, கன்று முட்டினால் கீழே இறக்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியம் என் கணவர் சாப்பாடு கொண்டுவந்தபோது அந்த பாட்டிலை அவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

"அடேங்கப்பா, சீம்பாலா! அக்கா பார்த்துச்சுன்னா குதிக்கும்" என்று அவர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஒன்றரைக்கு நஞ்சுக்கொடி விழுந்தது. கன்றை அவிழ்த்து விட்டேன். அது காலையில் நடந்த மாதிரி நடக்கவில்லை. இரண்டு முறை வாய் வைத்தது, பிறகு முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது.

4

இரண்டு மணிக்கு யாரோ தெரிந்தவர் லிண்டாவைக் காரில் கொண்டுவந்து விட்டுப் போனார். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. கொட்டிலுக்கு நேராக நடந்து வந்தார். கன்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எப்போது போட்டது?"

"செவன் தர்ட்டி" என்றேன்.

"நன்றாகக் குடித்ததா?"

நான் பெருமையாகத்தான் சொன்னேன். இல்லை, காலையிலிருந்து விடவில்லை, கொடி விழுந்த பிறகு இப்போதுதான் விட்டேன், மடி கட்டியிருந்ததைக் கறந்துகூட விட்டேன் என்றேன். தர்ஷினி அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல லிண்டாவின் முகத்தில் இருந்த ரத்தம் முழுவதும் வடிவதைப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மூடி போட்ட கண்ணோடு மண்டியிட்டு, கன்றின் வாய்க்குள் விரலை விட்டார்.

"வாய் குளிர்ந்துவிட்டது" என்றார். பிறகு, "கறந்த பால் எங்கே?"

நான் என் கணவருக்குப் போன் போட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

"ஏனுங்க, அந்த பாட்டில் எங்கீங்க?"

"எந்த பாட்டிலு? சீம்பாலா? அக்கா அப்பவே வெல்லத்தைத் தட்டிப் போட்டு இட்லிச் சட்டியில வெச்சிருச்சு. ஏலக்காயெல்லாம் போட்டு. வாசம் வாசல் வரைக்கும் வருது. உனக்கு ரண்டு துண்டு எடுத்து வெக்கச் சொல்லட்டா?"

லிண்டா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

தர்ஷினி தரையைப் பார்த்துக்கொண்டு, "தே குக்டு இட், மிஸ் லிண்டா" என்றாள்.

லிண்டா குனிந்து பெப்பரின் காம்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நான்கும் தொங்கின. பிறகுதான் சொன்னார். மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று, சின்னச் சின்ன வார்த்தைகளாகச் சொன்னார். கன்றுக்குப் பிறக்கும்போது நோயைத் தாங்கும் சக்தி எதுவும் ரத்தத்தில் இருப்பதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது அது கன்றுக்கு வருவதில்லை. முதல் பாலில்தான் வருகிறது. அதையும் கன்றின் குடல் முதல் சில மணி நேரம்தான் நன்றாக வாங்கிக்கொள்ளும், பிறகு நேரம் ஆக ஆகக் கதவு சாத்திக்கொண்டே வரும், ஒரு நாளில் முழுவதும் சாத்திவிடும். கறிமாடு கொடுக்கும் முதல் பால் கொஞ்சம்தான். ஒரு கன்றுக்குக் கணக்காக இருக்கும், அதிலும் கிடாரியிடம் இன்னும் குறைவு.

நான் இருபது வருடம் மாடு கறந்தவள். இதில் ஒரு வரிகூட எனக்கு யாரும் சொன்னதில்லை.

சீம்பாலுக்குப் பதிலாகக் கரைத்துக் கொடுக்கும் பொடி டாக்டரிடம் இருந்தது. முப்பத்தைந்து நிமிட தூரம். லிண்டாவால் ஓட்ட முடியாது. நான் அதுவரை ஃப்ரீவேயில் ஓட்டியதே இல்லை, கடைக்கும் வீட்டுக்கும் மட்டும்தான். தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து, "லேன் மாறாத, அப்படியே போ, யூ ஆர் ஓகே, அம்மா, யூ ஆர் ஓகே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். லாரிகள் எங்களை உரசுவது மாதிரி போயின. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களை விரிக்க எனக்கு அங்கே போன பிறகும் முடியவில்லை.

திரும்பி வரும்போது நான்கு மணி தாண்டிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் பொடியைக் கரைத்தோம். கன்றுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. லிண்டா ஒரு நீளமான குழாயை அதன் தொண்டை வழியாக இறக்கினார். நான் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அந்த மஞ்சள் தண்ணீர் குழாயில் இறங்குவதைப் பார்த்தபடி தர்ஷினி கேட்டாள்: "மிஸ் லிண்டா, பாய் கன்னுதானே இது? யூ ஆர் கோயிங் டு செல் ஹிம் எனிவே."

எனக்கு உயிரே போயிற்று. வாயை மூடு என்று அவள் காலை மிதித்தேன்.

லிண்டா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அக்டோபரில். இப்போது மார்ச்" என்றார்.

5

அந்த வாரம் முழுவதும் காலையில் கடைக்குப் போகும் முன்பும் மாலையிலும் பண்ணைக்குப் போனேன். கன்று ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றது. பெப்பருக்கும் பால் சுரந்தது, கன்று குடித்தது. பிழைத்துவிடும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். முதல் பாலிலிருந்து ரத்தத்தில் சேர வேண்டியதில் கால்வாசிகூடச் சேரவில்லை என்றார். "முதல் பால் ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டார்.

நான் தொழுவத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல். லிண்டா, "எங்களுக்குத் தாமதமாகிவிட்டது" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அவர் போன பிறகு நான் "சாரி, மேம்" என்றேன். ஒரு நாளைக்கு நூறு தடவை கடையில் சொல்லும் வார்த்தை. அதற்கு இந்த விஷயத்தில் எடையே இல்லாமல் இருந்தது.

"ஒவ்வொரு வருடமும் ஒரு பை முதல் பால் வாங்கி ஃப்ரீசரில் வைத்திருப்பேன். இந்த வருடம் கண்ணைக் கவனித்ததில் விட்டுவிட்டேன். உன்னிடமும் ஒன்றும் சொல்லாமல் போனேன்" என்றார் லிண்டா. பிறகு வாளியை என் கையில் கொடுத்து, "தண்ணீர் கொண்டுவா" என்றார். என்னைப் போகச் சொல்லவில்லை.

புதன்கிழமை கன்றுக்குக் கழிச்சல் கண்டது. வெள்ளையாக, தண்ணீராக. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த நிறத்தையும் அந்த நாற்றத்தையும் நான் ஊரில் எத்தனையோ முறை கழுவியிருக்கிறேன். ஊசி போட்டார்கள், கழுத்தில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். கறிக்குப் போக வேண்டிய ஒரு கன்றுக்காக அந்தக் கிழவி தொழுவத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை நான் நேரில் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது கன்றின் மேல் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. பெப்பர் அந்தச் சாக்கை நக்கிக்கொண்டிருந்தது.

"அப்புறப்படுத்தட்டுமா?" என்று சைகையில் கேட்டேன்.

"பெப்பர் தானாக விலகும்வரை இருக்கட்டும்" என்றார்.

காரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்ப முடியவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. திகைப்புதான். ஒரு கன்று போன திகைப்பு இல்லை அது. எங்கள் வீட்டில் செத்த கன்றுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. செவலை மாடு போட்டது, மயிலை மாடு போட்டது, சந்தையில் வாங்கிய கலப்பு மாடு போட்டது. ஒவ்வொரு முறையும் கண் பட்டுவிட்டது என்றோம், மழை ஒத்துக்கொள்ளவில்லை என்றோம், சீம்பால் கூடிப்போய்விட்டது என்றோம். ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டியது என் கை. மடிக்குக் கழுத்தை நீட்டி நீட்டிக் கத்தியதை நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பாலை வெல்லம் போட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூசிக் கும்பிட்ட கையும் இதுதான்.

எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் போய்விட்டது.

6

அதற்கு மறுவாரம். சாயங்காலம் ஏழரை மணி, வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஊரில் அப்போது விடிகாலை ஆறு. நான் கல்லாவில் நின்றிருந்தேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் செந்தில் ஒரு படம் போட்டிருந்தான். "மாடு கன்னு போட்டாச்சு. கெடேரி." கீழே மாமா, சித்தி எல்லோரும் கைகூப்பும் படமும் பூவும் அனுப்பியிருந்தார்கள். "சீம்பால் எங்களுக்கு?" என்று சித்தி கேட்டிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்பு இன்னும் காயாத கன்று. கழுத்தில் கயிறு. ஓரமாக முளைக்குச்சியில் கட்டியிருந்தது.

நான் ஊருக்குப் பேசினால் என் கணவர்தான் முதலில் பேசுவார், பிறகு போன் எனக்கு வரும். நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கோம், வெச்சிறட்டா. அவ்வளவுதான் என் பேச்சு. அன்றைக்கு நானே அழைத்தேன்.

"என்னக்கா, அதிசயமா இருக்குது! படம் பாத்தியா?"

"செந்திலு, அந்தக் கன்னை அவுத்து மடியில விடு."

"நஞ்சு இன்னும் விழுகலக்கா. விழுகட்டும், விடறேன்."

"அதுக்குக் காத்திருக்காத. இப்பவே விடு."

அவன் சிரித்தான். "ஏனக்கா, டெக்சாஸ்ல மாட்டு டாக்டருக்குப் படிக்கறியா? நீதானே எனக்குக் கத்துக் குடுத்தே?"

"நான் கத்துக் குடுத்தது தப்புடா."

"அம்மா காலத்துல இருந்து அப்படித்தானே?"

"போன வருசம் உன்ற செவலை போட்ட கன்னு எப்படிச் செத்துது?"

"கழிச்சல்தான். உனக்குத்தான் தெரியுமே."

"அதுக்கு முந்தி?"

"அதுவும் கழிச்சல்." அவன் குரலில் சிரிப்பு நின்றுவிட்டது. "சீம்பாலு கூடிப்போச்சுன்னு..."

"கூடிப் போகல, செந்திலு. அதுக கேட்டப்ப நாம குடுக்கல. இங்க ஒரு கன்னு. நல்லாப் பொறந்து, தானா எந்திரிச்சு நின்ன கன்னு. நம்மூரு மாதிரியே கட்டி வெச்சேன். பாலைக் கறந்து வீட்டுக்குக் குடுத்துட்டேன். ஏழாம் நாள் செத்துப்போச்சு. நான் கொன்னேன்டா."

இதை நான் தர்ஷினியிடம் சொன்னதில்லை, என் கணவரிடம் சொன்னதில்லை, கேட்ட டாக்டரிடமும் சொல்லவில்லை. போனில் அந்தப் பக்கம் ஒரு காகம் கத்தியது கேட்டது. மாடு அடித்தொண்டையில் கூப்பிடுவதும் கேட்டது.

"இத்தனை வருசம் கழிச்சு எதுக்கக்கா இதைச் சொல்றே?" என்றான் தம்பி. கோபமா, பயமா, எனக்குத் தெரியவில்லை.

"எனக்கே இப்பத்தான்டா தெரிஞ்சுது. சித்தி பால் கேட்டா இல்லைன்னு சொல்லு. யாருக்கும் குடுக்காத. அது குடிச்சு மிஞ்சினாப் பாக்கலாம்."

கடையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுக் காத்திருந்தார். என் ஒன்பது வருடத்தில் ஒருவரைக்கூட நான் நிறுத்தி வைத்ததில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு நின்றார்.

போனில் செருப்புச் சத்தம். பிறகு தம்பி மனைவி கவிதாவின் குரல் தூரத்தில் கேட்டது: "ஏனுங்க, என்ன பண்றீங்க? கொடி தொங்கிட்டிருக்குது, கன்னை அவுக்கறீங்க?"

"அக்கா சொல்லுது."

"அக்காளுக்கு என்னங்க தெரியும், அங்க உக்காந்துட்டு?"

செந்தில் போனைச் சட்டைப் பையில் போட்டிருப்பான் போலிருக்கிறது, துணி உரசும் சத்தம் கேட்டது. முளைக்குச்சி அசையும் சத்தமும் கேட்டது. அப்புறம் நெடுநேரம் எதுவும் இல்லை. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

"முட்டுதுக்கா" என்றான். சற்று நேரம் கழித்து, ஏதோ ரகசியம் சொல்வது மாதிரி, "குடிக்குது."